நான்காவது முட்டை

முட்டை எழுந்து நின்றது.

"நிக்குது டீச்சர், நிக்குது" என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். பிரேமாவதி இன்னொரு கரண்டி உப்பைக் குவளையில் போட்டுக் கலக்கினாள். அடியில் நுனி ஊன்றி நின்ற முட்டை மெல்லக் கிளம்பி மேலே வந்து, வழுக்கைத் தலை போல வெளியே எட்டிப் பார்த்தது. வகுப்பே கைதட்டியது. அவள் மட்டும் கொட்டாவியை விழுங்கினாள்.

வருடா வருடம் இதே உப்பு, இதே குவளை. பக்கத்து மேசையில் வினிகரில் ஊறிய முட்டை ஓடு கரைந்து, ரப்பர் பந்து மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த மேசையில் அவித்த முட்டை பம்பரமாய்ச் சுற்ற, பச்சை முட்டை குடிகாரன் போல் தள்ளாடியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் கைதட்டியவள்தான். இப்போது வீங்கிய காலும், அனுப்ப வேண்டிய அறிக்கைகளும், தலைமையாசிரியர் விடாமல் போடும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் மிச்சம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வியாழக்கிழமையோடு, அதாவது இன்றோடு, பள்ளி வாரம் முடிந்துவிடும். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

ராக்காயி பள்ளி நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. நலம் விசாரிக்கவும் இல்லை, நேரே விஷயத்துக்கு வந்தாள். நாளைக்குக் காலையில் பிச்சை பூசாரி வீட்டுக்கு வருகிறார். முட்டை போட்டுப் பார்க்கப் போகிறார். வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருக்க வேண்டும், பிரேமாவதியும்தான்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"எதுக்கா? ஒந் தம்பி மோட்டோவுல ரெண்டு தடவ விழுந்துட்டான். கம்பெனியில நிப்பாட்டிட்டானுங்க. எங் கால் புண்ணு காயவே மாட்டேங்குது. எல்லாம் எப்பலேருந்து, நீயே சொல்லு."

அம்மா எதிர்பார்த்த பதில் பிரேமாவதிக்குத் தெரியும். காஞ்சனா மருமகளாக வந்த நாளிலிருந்து. அம்மாவுக்குச் சர்க்கரை வந்த காலத்தில் காஞ்சனா பள்ளிச் சீருடையில் இருந்திருப்பாள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லத் தெம்பு வரவில்லை.

"அவ முட்ட மெதந்துச்சுன்னா அவள ஆத்தா வீட்டுக்கே அனுப்பிருவேன். வெக்னேசுகிட்டயும் பேசிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான்? சரின்னான்."

தம்பி விக்னேஸ்வரனை அவளுக்குத் தெரியாதா. சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

ஓய்வு நேரத்தில், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீகூன் சேமியா தின்றுகொண்டிருந்த ஷீலாவிடம் இதைச் சொன்னாள். ஷீலா முதலாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை. பாடாங் செராய் வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவள் காதுக்கு வராமல் போகாது.

"பிச்சை பூசாரியா? பவர்லா அவரு. எங்க தாமான் வீடுகள்லயே ரெண்டுல புடிச்சுக் குடுத்துட்டாரு."

"யாரப் புடிச்சாரு?"

"மருமகளத்தான். எப்பவும் மருமகதான். அவருக்கு எப்படித்தான் தெரியுதோ."

பிரேமாவதி விவரம் கேட்டாள். ஷீலா கரண்டியை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஒரு பித்தளைப் பானையில் தண்ணீர் வைப்பார்களாம். வீட்டு ஆள் ஒவ்வொருவரும் இரண்டு கையும் சேர்த்துக் கல்லுப்பு அள்ளி, தலையைச் சுற்றி அந்தத் தண்ணீரில் போட வேண்டுமாம். பீடை எல்லாம் உப்பாய்க் கரையும் என்பது கணக்கு. அது கரையும்வரை பூசாரி வேப்பங்கொத்தால் கலக்கிக்கொண்டே மந்திரம் சொல்வார். அப்புறம் ஆளுக்கொரு முட்டையைச் சுற்றித் தண்ணீரில் விட வேண்டும். முழுகினால் சுத்தம். மிதந்தால் அந்த ஆள்தான் செய்வினையைச் சுமந்துகொண்டு வந்த ஆள்.

"ஒவ்வொரு ஆளுக்கும் தண்ணிய மாத்துவாரா?"

"மாத்தக் கூடாதாம். ஒரே குடும்பம், ஒரே தண்ணி."

"யாரு மொதல்ல போடுவாங்க?"

ஷீலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூத்தவங்கதான். வீட்டுக்குக் கடைசியா வந்தவ கடைசியில. பின்ன எப்படி?"

பிரேமாவதி மெல்லுவதை நிறுத்தினாள்.

முதலில் மாமியார், இரண்டு கை உப்பு. அப்புறம் மூத்த பிள்ளை, இன்னும் இரண்டு கை. அப்புறம் புருஷன். மருமகள் வந்து நிற்கும்போது அந்தப் பானைத் தண்ணீர் கடல் தண்ணீரைத் தோற்கடித்திருக்கும். அதில் கோழி முட்டை என்ன, வாத்து முட்டையே மிதக்கும். பூசாரி ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை ஒன்றே போதும், அது பார்த்துக்கொள்ளும்.

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இதில் யாரைப் பிடிப்பது?

சாயங்காலம், கால் வலியோடு காரை அம்மா வீட்டுக்கு விட்டாள். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஓரத்து வீடு அது. ராக்காயி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். பிரேமாவதி பொறுமையாகச் சொன்னாள். உப்பு சேரச் சேரத் தண்ணீர் கனமாகும், கடைசியில் யார் போட்டாலும் மிதக்கும், காலையில் வகுப்பில் இதைத்தான் செய்துவிட்டு வந்தேன் என்றாள்.

ராக்காயி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"உங்க ஸ்கூலு உப்பு வேற, சாமி உப்பு வேற."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பிரேமாவதி எழுந்து பின்பக்கம் போனாள். காஞ்சனா கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பீடோங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த பெண். எந்தத் துணியைத் தொட்டாலும் கடையில் அடுக்கியது போல மடிப்பு விழும். நாத்தனாரைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நாளைக்கு நீங்க வருவீங்கல்லக்கா?"

"வருவேன்."

"பயமா இருக்குக்கா."

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் போதும். ஆனால் பிரேமாவதியின் மனசில் அதற்குள் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. சொல்லித்தான் அம்மாவுக்கு ஏறவில்லையே. கண் முன்னால் காட்டிவிட வேண்டியதுதான். காஞ்சனாவின் முட்டை மிதக்கட்டும். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும். அதே தண்ணீரில் அம்மாவின் முட்டையைப் போட்டால் கதை முடிந்தது. முன்கூட்டியே சொன்னால் காஞ்சனா தைரியமாக நிற்பாள். நாத்தனாரும் மருமகளும் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று அம்மா மடக்கிவிடுவாள்.

தவிர, களைப்பு. அன்றைக்கு யாருக்கும் எதையும் இன்னொரு முறை விளக்க அவளால் முடியாது.

"ஒண்ணும் ஆகாது. போய்ப் படு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை பூசாரி வந்தார். பிச்சை முன்பு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஒடிசலான உடம்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த காவி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. உருட்டல் மிரட்டல் எதுவும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் ராக்காயியின் கால் புண்ணைத்தான் முதலில் விசாரித்தார். மருந்து கட்ட கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகச் சொன்னார். பிரேமாவதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதுவே ஒரு எரிச்சலாக இருந்தது.

கூடத்தின் நடுவே பானை. பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் கல்லுப்பு மலை. வாழை இலையில் நான்கு கம்பத்து நாட்டுக்கோழி முட்டைகள்.

ராக்காயி முதலில் வந்தாள். இரண்டு கையால் உப்பை அள்ளி, தலையைச் சுற்றித் தண்ணீரில் போட்டாள். பூசாரி கண்ணை மூடி, வேப்பங்கொத்தால் நிதானமாகக் கலக்கினார். அவள் விட்ட முட்டை கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. "சுத்தம்" என்றார் பூசாரி. முட்டையை எடுத்து இலையில் வைத்தார்.

அடுத்தது பிரேமாவதி. உப்பு, வேப்பங்கொத்து, மந்திரம். முட்டை முழுகிவிட்டு, அடியில் லேசாக உருண்டது.

விக்னேஸ்வரன் மூன்றாவது. இப்போது முட்டை படுக்கவில்லை. நுனியை ஊன்றி, ஆடிக்கொண்டே நின்றது. ராக்காயி மூச்சை இழுத்துப் பிடித்தாள். பையன் மேல் பிடி விழ ஆரம்பித்துவிட்டது, இன்னும் முழுசாய் இறங்கவில்லை, நல்ல நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்று பூசாரி சொன்னார். அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது.

காஞ்சனா வந்தாள். குளித்த தலை ஈரமாக இருந்தது. அள்ளிய உப்பு விரல் சந்துகளில் கொட்டியது. ராக்காயி இன்னும் கொஞ்சம் அள்ளச் சொன்னாள், அள்ளினாள். பூசாரி நெடுநேரம் கலக்கினார். அவள் முட்டையைத் தண்ணீருக்குள் விட்டுக் கையை எடுத்தாள்.

முட்டை போன வேகத்தில் திரும்பி வந்தது. தண்ணீர் மேல் தலையைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

பிரேமாவதி உட்கார்ந்தபடியே இருந்தாள். பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வகுப்பில் ஓர் இடைவெளி விடுவாளே, அதைப் பழக்க தோஷத்தில் இங்கேயும் விட்டாள்.

காஞ்சனா பானையைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். விக்னேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துணிமணிய எடுத்துக்க" என்றாள் ராக்காயி. சத்தம் போடவில்லை. பூசாரியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இதுக்கு மேல நான் பேசல. பாத்துட்டீங்க."

பிரேமாவதி எழுந்தாள். இலையிலிருந்து அம்மாவின் முட்டையை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் பானையில் விட்டாள்.

அதுவும் மிதந்தது.

"என்னாடி பண்ணுன?"

பிரேமாவதி தன்னுடைய முட்டையைப் போட்டாள். மிதந்தது. தம்பியுடையதைப் போட்டாள். அதுவும் வந்து, மற்றதோடு முட்டிக்கொண்டு நின்றது. நான்கு முட்டையும் ஒரே குடும்பமாகப் பானையில் மிதந்தன.

"இப்ப நாம எல்லாருமே செய்வினைக்காரங்கதாம்மா. மொதல் ஆளு நீதான்."

ராக்காயி பூசாரியைப் பார்த்தாள், அவர் ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவார் என்று. பூசாரி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், எழுந்து கத்துவார் என்று பிரேமாவதி எதிர்பார்த்திருந்தாள். அதற்கான பதில்களைக்கூட வரும் வழியில் அடுக்கி வைத்திருந்தாள்.

"டீச்சர்" என்றார் அவர். "தண்ணிய மாத்திட்டுப் போடுங்க."

அவள் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். நான்கு முட்டையும் அதில் முழுகின. உப்பு அள்ளி அள்ளிப் போட்டு அவரே கலக்கினார், இந்த முறை மந்திரம் இல்லாமல். உருண்டன, நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. அவர் வேப்பங்கொத்தைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா சொல்லிக் குடுத்ததும்மா இது. நானா ஒண்ணும் சேக்கல."

"தெரியும் ஐயா."

"எங்க வீட்டுலயும் போட்டேன் டீச்சர். எம் மருமவளத்தான் காட்டுச்சு." கீழே கிடந்த வேப்பங்கொத்தைப் பார்த்தார். "மவனும் அவகூடயே போயிட்டான். கோலா கெடா பக்கம் இருக்காங்கன்னு கேள்வி."

பானையை எடுத்துக்கொள்ளாமலே அவர் வெளியே போனார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

வீட்டுக்குள் ராக்காயி தொண்டையைச் செருமினாள். "சரி, சரி. காஞ்சனா, போயித் தேத்தண்ணி போடு. எல்லாருக்கும் போடு."

அவளுடைய அகராதியில் அதுதான் மன்னிப்பு. பிரேமாவதி வளர்ந்த வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

காஞ்சனா அடுப்படியில் இல்லை. அறைக்குள், கட்டில் மேல் பையைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத அடுக்கு. வாசலில் விக்னேஸ்வரன் நின்றான்.

"அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சே" என்றான்.

"முட்டைக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சு." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அது மெதந்தப்ப நான் உங்களப் பாத்தேன். நீங்க தரையப் பாத்தீங்க."

அவன் வாயைத் திறந்தான். சரி என்று சொல்லவும் இந்த முறை வழியில்லை.

பீடோங்கில் அம்மா வீட்டில் விட்டுவிட முடியுமா என்று காஞ்சனா பிரேமாவதியைக் கேட்டாள். போகாதே என்று சொல்லலாமா என்று பிரேமாவதி ஒரு கணம் யோசித்தாள். இந்த வீட்டில் எதைக் காட்டி அப்படிச் சொல்வது? கார்ச் சாவியை எடுத்தாள்.

சுங்கைப் பட்டாணி நகரத்தைக் கார் தாண்டியது. சாலையின் இருபக்கமும் செம்பனை வரிசை வரிசையாக வந்து வந்து போனது. காஞ்சனா அழவில்லை. அந்த மௌனம் பிரேமாவதிக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் விளக்க ஆரம்பித்தாள். உப்பு எப்படித் தண்ணீரைக் கனமாக்குகிறது, வரிசையில் கடைசி ஆள் ஏன் எப்போதும் மாட்டிக்கொள்கிறாள், நேற்று ஷீலா சொன்னதும் தனக்கு எப்படிப் பளிச்சென்று பிடிபட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போது, காலையிலிருந்து முதன்முறையாகக் களைப்பு கொஞ்சம் விலகியது போலிருந்தது.

காஞ்சனா கடைசிவரை கேட்டாள்.

"அப்ப மெதக்கும்னு உங்களுக்கு நேத்தே தெரியும்."

"தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா நம்பியிருக்க மாட்டாங்க. கண்ணால பாத்தாதான்…"

"அத்தைகிட்ட இல்லக்கா. எங்கிட்ட."

சமிக்ஞை விளக்கு சிவப்பானது. பிரேமாவதி பிரேக்கை மிதித்தாள்.

"ராத்திரி பூரா கண்ணு மூடல. எனக்கே தெரியாம எம் மேல ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கோன்னு நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். அவரு மோட்டோவுல விழுந்ததுக்கு நாந்தானோன்னு. துணிக்கொடிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன்க்கா." குரல் உயரவில்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள். "முட்ட மேல வந்தப்ப நானே நம்பிட்டேன். நாந்தான்னு."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹார்ன் கேட்டுத்தான் பிரேமாவதிக்குத் தெரிந்தது. வகுப்பில் பிள்ளைகள் குனிந்து பார்ப்பதற்கு நடுவே ஒரு குவளை இருக்கும். இன்று அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று கைகட்டி நின்றிருக்கிறாள். அம்மா அளந்தது சாமி பெயரால், தான் அளந்தது பாடத்தின் பெயரால். நடுவில் நின்றவள் ஒருத்திதான்.

"தப்புதான் காஞ்சனா" என்றாள்.

"ம்" என்றாள் காஞ்சனா. மன்னித்ததற்கா, காதில் விழுந்ததற்கா என்று தெரியவில்லை.

பீடோங் பசார் அருகே வந்ததும், வீடுவரை வேண்டாம், இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்றாள் காஞ்சனா. பிரேமாவதி வாதாடவில்லை. கடை வரிசைக்கு முன்னால் ஓரங்கட்டினாள். காஞ்சனா பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அவர அனுப்பி வைக்காதீங்கக்கா. வர்றதுன்னா அவரா வரட்டும்."

"சரி."

அவள் இறங்கி, காய்கறிக் கடையின் கித்தான் நிழலுக்குள் நுழைந்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு கலந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கைப்பேசி ஒலித்தது. விக்னேஸ்வரன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: விட்டுட்டியாக்கா? என்ன சொன்னா?

பிரேமாவதி பதில் எழுதினாள். நீ இப்போதே கிளம்பி வா, பசார் பக்கம்தான் இருப்பாள், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போ என்று நீளமாக எழுதினாள். எழுதியதைப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

'விட்டுட்டேன்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, கைப்பேசியைப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்துப் போட்டுக் காரைத் திருப்பினாள்.